உப்பு அரிக்கும் பாலங்கள்

கோவாவில் பணஜி நகரத்தருகே மாண்டவி நதியின்மீதிருந்த பெரும் பாலம் 1986-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் இடிந்து விழுந்தது. அது நூறாண்டு கண்ட கிழப் பாலமன்று; கட்டி முடிந்து இருபது வருஷங்கூட ஆகவில்லை. பூகம்பம் அதை வீழ்த்தவில்லை. காங்கிரீட்டுக்குள் இழுத்துக் கட்டியிருந்த உருக்கு வடங்களைத் துரு தின்றுவிட்டது.

காங்கிரீட்டைக் கருங்கல்லென்று எண்ணி நாம் மெத்தனமாயிருக்கிறோம். அது நுண்ணிய துவாரங்கள் நிறைந்த பொருள். அதனுள்ளிருக்கும் ஈரம் கடுங் காரமுடையது. அக்காரமே கம்பியின்மீது ஒரு காப்புப் படலத்தை உண்டாக்குகிறது. கடலுப்பிலுள்ள குளோரைடு துவாரங்களின் வழியே மெல்ல உட்புகுந்து, கம்பியருகே போதிய அளவு சேர்ந்ததும் அப்படலத்தைக் குலைத்துவிடும். பின்னர் துரு பிடிக்கும். துரு, தான் அழித்த இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைப்பதால் காங்கிரீட் உள்ளிருந்தே வெடித்து உதிரும். எப்போதும் நீரில் அமிழ்ந்துள்ள பகுதியைவிட, அலைபட்டு நனைந்தும் காய்ந்தும் வரும் பகுதியே முந்தி அழியும். வெளியே விரிசல் தென்படும்போது உள்ளே நோய் முற்றியிருக்கும்.

இந்நோயை முன்கூட்டி அறிய வழியில்லையா? உண்டென்பதே விஞ்ஞானத்தின் விடை. ஒரு பொருளினூடே மற்றொன்று பரவும் விதத்தை அடால்ப் பிக் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1855-இல் கணித விதியாக வகுத்தார். அதைக் கொண்டே, உப்பு கம்பியை எட்ட எத்தனை வருஷமாகும் என்று என்ஜினீயர்கள் இன்று கணக்கிடுகிறார்கள். கம்பியை மூடும் காங்கிரீட்டைக் கட்டட வேலைக்காரர்கள் 'கவர்' என்பார்கள். எளிய கணக்கின்படி, அதன் கனம் இரட்டித்தால் காலம் நான்கு மடங்காகும். பாதியானால் காலம் நாலிலொன்றாய்ச் சுருங்கும். கவரில் ஓர் அங்குலம் மிச்சம் பிடிக்கும் காண்டிராக்டர் ஒரு தலைமுறையின் உடைமையைத் திருடுகிறார் என்பதே இதன் பொருள்.

ஆயினும் எண்கள் பிழையானால் விடையும் பிழையாகும். காற்றின் வெப்பம், ஈரம், சிமெண்டில் சேர்த்த நீர், அதனுடன் கலந்த நிலக்கரிச் சாம்பல் ஆகிய யாவும் உப்பின் வேகத்தை மாற்றுகின்றன. வெப்பம் ஏறினால் அதன் வேகமும் ஏறும். ஆகவே, குளிர் தேசத்துக் கடற்கரையில் கண்ட எண்களை நமது கரைக்கு அப்படியே எடுத்தாளுவது கண்மூடித்தனம். நமது எண்களை நாமே அளந்தறியக் கூடங்கள் நமக்கில்லாமலில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் ஈய, 1948-இல் பண்டித நேரு அஸ்திவாரக் கல் நாட்டிய காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மண்டபம் கடற்கரையில் உலோகங்களை உப்புக் காற்றில் வைத்துச் சோதித்து வந்திருக்கிறது.

அலை ஏறியிறங்கும் இடத்தில் கவர் 75 மில்லிமீட்டர் இருக்கவேண்டுமென்று இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000-ஆம் வருஷத்து விதியில் கூறிற்று. விதி ஏட்டிலிருந்தால் போதாது; கட்டடத்தில் இருக்கவேண்டும்.

ஆகவே நாம் சர்க்காரிடம் கேட்பது இரண்டே. கடலோரத்தில் எழும் ஒவ்வொரு பாலத்துக்கும் துறைமுகத்துக்கும் உரிய ஆயுட்கணக்கைத் திட்டத்துடனேயே பொது ஜனங்கள் அறிய வெளியிடுக. கட்டிய பின்னர், உரிய தவணைகளில் காங்கிரீட்டைத் துளைத்தெடுத்து, உப்பு எவ்வளவு ஆழம் சென்றதென்று அளந்து அக்கணக்கைத் திருத்துக. குறைந்த டெண்டர் ஒன்றையே பார்த்து வேலை கொடுப்பது சிக்கனமாகாது. இன்றைய மிச்சத்தை நாளைய ஜனங்கள் வரியாகவும் உயிராகவும் செலுத்த நேரும். அதிகாரிகளின் சமாதானம் சட்டசபையில் செல்லலாம், உப்பினிடம் செல்லாது.