ஆம்ப் இரையுதா? முதல்ல சுவரைப் பாருங்க

"மலிவு ஆம்ப்தானே, இரையத்தான் செய்யும்." இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு. கடைக்காரர் சொல்றார், கொழும்பில் பேண்ட் வைத்திருக்கிற அண்ணாமார் சொல்றாங்க, யூடியூப்பும் சொல்லுது. எல்லாருக்கும் தீர்வு ஒன்றுதான்: கூடின விலைக்கு இன்னொன்று வாங்கு. நாட்சம்பளம் 1,700 ரூபாய் வேணும் என்று வீதியில் நின்ற வீடுகளில் இருந்து வருகிற பிள்ளைகளிடம்தான் இதைச் சொல்றாங்க.

நாங்கள் கலைப்பீடத்தில் படிக்கிற நாலு பேர். லீவுக்கு ஹட்டன் பக்கம் வீட்டுக்குப் போனா சேர்ந்து வாசிப்போம். பஸ்ஸில் இறங்கி, தோட்டத்து ரோட்டில் நடந்து, லயத்துப் படியும் ஏற வேணும். ஃபெண்டர் ட்வின் ரிவர்ப் மாதிரி ஒன்று கிட்டத்தட்ட 29 கிலோ வரும். பல தோட்டங்களில் அம்மாமாரிடம் ஒரு நாளைக்குக் கேட்கிற 18 கிலோ கொழுந்தைவிட அதிகம். அதனால பாரமில்லாத ஆம்ப்தான் எங்களுக்குச் சரி. காசு சேர்த்துப் பழையது ஒன்று வாங்கினோம். கண்டியில் கடையிலேயே போட்டுப் பார்த்தோம், சத்தமே இல்லை. லயத்தில் செருகினதும் "ங்ங்ங்" என்று ஒரே இரைச்சல். கிட்டார் கம்பியைத் தொட்டா குறையும், கையை எடுத்தா கூடும். மைக்கில் உதடு பட்டா சுரீர் என்றது.

அதே ஆம்ப், அதே வயர். அப்ப பிழை ஆம்பிலயா?

ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தோம். ஆம்பிலிருந்து கிட்டார் வயரை உருவினோம். இரைச்சல் பெருமளவு குறைஞ்சது. திரும்பச் செருகி கிட்டாரின் வால்யூமை மூடினோம், அப்பவும் குறைஞ்சது. அப்படியென்றால் இரைச்சல் கிட்டார் வழியாகத்தான் உள்ளே வருது. கிட்டாரைப் பிடித்தபடி அறைக்குள் மெதுவாகச் சுற்றினோம். ஒரு பக்கம் திரும்பினா குறையுது, இன்னொரு பக்கம் கூடுது. இது சிங்கிள் காயில் பிக்கப்பின் குணம். சுவர் வயரில் ஓடுகிற 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை ஆண்டெனா மாதிரி பிடிக்கும். 1955இல் கிப்சன் கம்பனியில் சேத் லவர் ஹம்பக்கர் பிக்கப்பை உருவாக்கினதே இந்த ஹம்மைக் கொல்லத்தான். போன் சார்ஜரையும் மலிவு எல்.ஈ.டி. பல்பையும் கழற்றினதும் "ஸ்ஸ்ர்" என்ற மெல்லிய சத்தம் போச்சு. ஆனா உதட்டில் அடிச்ச ஷாக்கைப் பிக்கப்பின் தலையில் கட்ட முடியாதே.

வயரிங் பாஸ் ஒருத்தரைக் கூப்பிட்டோம். பிளக் பேஸைக் கழற்றிக் காட்டினார். மூன்று துளை இருக்கு; எர்த் துளைக்குப் பின்னால் வயரே இல்லை. வெறும் துளை! எங்கள் லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா அதே கதை.

இதற்கு எங்களுக்குக் கிடைச்ச ஆலோசனை என்ன தெரியுமா? "எர்த் பின்னை டேப் சுத்தி விடு, ஹம் போயிரும்." இப்படிச் சொல்றவங்களோட எங்களுக்குச் சமரசமே இல்லை. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி 1972இல் வேல்ஸில் ஸ்வான்சி மேடையில் எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டுச் செத்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃப் 1976இல் வீட்டில், எர்த் சரியில்லாத கிட்டாரோடு. எர்த் இருந்தா, ஆம்பின் உடம்பில் கரண்ட் ஏறினதும் ஃப்யூஸ் போகும், இல்லாட்டி ட்ரிப் விழும். எர்த் இல்லாட்டி கிட்டார் கம்பியும் வாசிக்கிறவனும்தான் எர்த். (காமன்கூத்துக்குத் தப்பைத் தீயில் காய்ச்சினா போதும், தாத்தாமார் புத்திசாலிகள்.)

ஆம்ப் தேடுகிற தம்பி தங்கச்சிமாருக்கு எங்கள் கருத்து இதுதான். பேட்டரியிலும் ஓடுகிற சின்ன ஆம்ப் ஒன்றைப் பாருங்க. ரோலண்ட் மைக்ரோ கியூப் ஜி.எக்ஸ். 2.7 கிலோதான், ஆறு ஏ.ஏ. பேட்டரியில் ஓடும். சுவரோடு தொடர்பே இல்லை. லயத்துக் காம்பராவுக்கு அதன் 3 வாட் தாராளம். பழசு வாங்கினா, கடையில் வால்யூமைக் கூட்டி, ஒன்றும் செருகாமல் கேளுங்க. அப்பவும் இரைஞ்சா விட்டுட்டு வாங்க. பேட்டரி ஆம்ப் என்று மைக்கையும் சேர்த்துப் பிடிக்க வேணாம், மைக்கின் மறுமுனை சுவரில்தான் இருக்கு.

ஆனா பேட்டரியோட இந்தக் கதையை முடிக்க எங்களுக்கு மனசில்லை. அதே பிளக் பேஸில்தான் அம்மா அயன் போடுறாங்க, தங்கச்சி ஹீட்டர் கேத்தல் போடுறா. "லயன் குடியிருப்பில் தீ, மின்னொழுக்கு காரணம்" என்று பேப்பரில் வாசிச்சிட்டுப் பக்கத்தைத் திருப்புறோம். கேட்கப் போனா, தோட்டம் மின்சார சபையைக் காட்டும், சபை தோட்டத்தைக் காட்டும், தலைவர்மார் அடுத்த எலெக்‌ஷனைக் காட்டுவாங்க. வீடு எங்கள் பேரில் இல்லை என்பது மட்டும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு.

இனி யாராவது பொன்னாடையும் கேமராவுமாக எங்கள் தோட்டத்துக்கு கிட்டாரும் கீபோர்டும் அன்பளிப்பு செய்ய வந்தா, வரட்டும். ரிப்பன் வெட்ட முன்னாடி அந்தப் பிளக் பேஸை அவங்க முன்னாலேயே கழற்றிக் காட்டப்போறோம். ஸ்குரூ டிரைவர் எங்களிடம் இருக்கு.