யாருடைய தம்பெரே?

பின்லாந்து தேசத்தில் தம்பெரே என்றோர் ஆலை நகரம். வடக்கே நாசியார்வி ஏரி, தெற்கே பியூஹாயார்வி ஏரி, நடுவே ஒடுங்கிய நிலம். மேலேரிக்கும் கீழேரிக்கும் மட்ட வித்தியாசம் 18 மீட்டர், ஏறக்குறைய அறுபதடி. அந்த அறுபதடியும் தம்மர்கோஸ்கி என்ற நீரோட்டமாக ஊர் நடுவே பாய்ந்து இறங்குகிறது. 1779இல் ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவ் ஊரை ஸ்தாபித்தார் என்று புத்தகங்கள் சொல்லும். சக்கரத்தைச் சுழற்றியது தண்ணீர். நூலை இழுத்த கைகள் யாருடையவை என்பதே நம் கேள்வி.

1820இல் ஜேம்ஸ் பின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் இங்கே ஆலை தொடங்கினார். தேசம் அப்போது ஜார் ஆட்சியில். மறு வருஷமே, சுங்கத் தீர்வையின்றி இறக்குமதி செய்ய ஊருக்குச் சலுகை கிடைத்தது. அது 1905 வரை நீடித்தது. (சர்க்கார் தயவின்றி முளைத்த முதலாளி எங்கே இருக்கிறார்?) 1828இல் பருத்தி நூற்பு. 1882இல் நெசவுக் கூடத்தில் எடிசனின் மின்விளக்கு. வடநாடுகளிலேயே அதுதான் முதல் என்பார்கள். விளக்கு எரிந்தால் தறியும் ஓடும் அல்லவா!

தொழிலாளர் வாழ்ந்த அமுரி பேட்டையில் மர வீடுகள். குடும்பத்துக்கு ஓர் அறை. நாலு குடும்பங்களுக்குப் பொதுவாக ஒரே சமையலறை. கோவை லைன் வீட்டில் வளர்ந்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஊருக்கும் பட்டப்பெயர் மான்செஸ்டர்தான்!

பருத்தி ஆலையில் பெரும்பாலோர் பெண்கள். 1905 பொது வேலைநிறுத்தத்தில், நவம்பர் 1ஆம் தேதி, இந்நகரில்தான் சிவப்புப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அனைவருக்கும் வாக்குரிமை கேட்டது அது. 1906இல் பெண்களுக்கு வாக்களிக்கவும் தேர்தலில் நிற்கவும் உரிமை வந்தது. 1907இல் 19 பெண்கள் சட்டசபைக்குச் சென்றனர். உலகில் வேறெங்கும் அதற்கு முன் நடக்காதது. லெனினும் ஸ்டாலினும் முதன்முறை சந்தித்ததும் இவ்வூர்த் தொழிலாளர் மண்டபத்தில்தான், 1905 டிசம்பர் மகாநாட்டில்.

1918 உள்நாட்டு யுத்தத்தில் தம்பெரே செம்படையின் கோட்டை. ஏப்ரல் 6இல் மன்னர்ஹைமின் வெள்ளைப்படையிடம் வீழ்ந்தது. பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைபிடிக்கப்பட்டனர். பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர்; முகாமில் பசியும் நோயும் மேலும் பலரைக் கொன்றன.

இன்று தறிகள் இல்லை. விளக்கெரிந்த கூடத்தில் சினிமாவும் உணவகமும் நடக்கின்றன. தொழிலாளர் மண்டபத்தில் 1946இல் திறந்த லெனின் மியூசியம் 2024இல் மூடப்பட்டது. ஆலை வளாகத்துக்கோ இன்றும் பின்லேசன் பெயர்தான். அவர் 1836இலேயே ஆலையை விற்றவர். பதினாறு வருஷச் சொந்தக்காரர். அதன் பிறகும் நூறாண்டுக்கு மேல் அங்கே நூல் நூற்ற பெண்களின் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது? அமுரியின் சில வீடுகளை மட்டும் நகரசபை மியூசியமாகக் காக்கிறது, அந்தப் பொதுச் சமையலறையோடு.