இடுகுறியாக இருக்கட்டும் இணைய முகவரி

பல்கலைக்கழகம் ஒன்று தன் இணையதளத்தைப் புதுப்பிக்கும்போது புதிய தோற்றம் பேசப்படுகிறது. அன்றே செயலிழக்கும் மேற்கோள்கள் பேசப்படுவதில்லை. பழைய தளத்திலிருந்த இதழ்க் கட்டுரைகளையும் கருத்தரங்கக் கோவைகளையும் அடிக்குறிப்பில் சுட்டிய ஆய்வேடுகள் நூலகத்தில் அப்படியே இருக்கின்றன. அவை தரும் முகவரிகளோ எங்கும் இட்டுச் செல்வதில்லை. சரிபார்க்க இயலாத சான்று வெறும் கூற்றாகிவிடுகிறது.

இதைத் தொழில்நுட்பத்தின் குறை என்று ஒதுக்கிவிட முடியாது. பால் மொக்கபெட்ரிஸ் 1983இல் வடிவமைத்த டிஎன்எஸ், பெயரையும் கணினியின் எண்முகவரியையும் இணைக்கும் பதிவேடாகும். அதில் ‘ஏ’ பதிவு ஒரு பெயரை ஐபி எண்ணோடு பிணைக்கிறது. ‘சிநேம்’ பதிவு ஒரு பெயரை மற்றொன்றின் மாற்றுப்பெயராக்குகிறது. வளாகத்திலுள்ள சர்வரை விட்டுத் தளம் வேறிடம் பெயர்ந்தாலும், அப்பதிவைத் திருத்தினால் பழைய பெயர் புதிய இடத்தைச் சுட்டும்.

ஆனால், இப்பதிவுகள் தளத்தின் பெயரை மட்டுமே அறியும். சாய்கோட்டுக்குப் பின்வரும் பகுதியை அறியா. ஆகவே, ஒவ்வொரு பழைய பக்கமும் எங்கே சென்றுள்ளது என்பதைப் புதிய சர்வர் ‘301’ என்னும் நிரந்தரத் திசைமாற்றத்தால் அறிவிக்க வேண்டும். பழைய பெயருக்குரிய பாதுகாப்புச் சான்றிதழும் அதனிடம் இருக்க வேண்டும். முதற்பணியோடு நிறுத்திக்கொண்டால், கட்டுரையைத் தேடி வருபவர் முகப்புப் பக்கத்திலோ பிழைச் செய்தியிலோ முட்டி நிற்பார்.

முகவரிகள் அடிக்கடி மாறுவதற்கான காரணத்தைத் தமிழ் இலக்கண மரபின் பாகுபாடு ஒன்று தெளிவாக்குகிறது. துறையின் பெயர், ஆண்டு, மென்பொருள் ஆகியவற்றைத் தாங்கிய முகவரிகள் காரணப்பெயர்கள். காரணம் மாறும்போது பெயரையும் மாற்றத் தோன்றுகிறது. இத்தகைய விவரங்களை முகவரியில் சேர்க்கலாகாது என்று டிம் பெர்னர்ஸ்-லீ 1998இலேயே எழுதினார். காந்திநகரின் இன்ஃபிளிப்நெட் நடத்தும் ஷோத்கங்கா, ஆய்வேடுகளுக்கு ‘ஹேண்டில்’ எண்களை வழங்குகிறது. 10603 எனத் தொடங்கும் அவ்வெண் துறையையோ மென்பொருளையோ உணர்த்துவதில்லை, அது இடுகுறி. ஆய்வேடு இடம் மாறினால் பதிவேட்டில் இலக்கை மாற்றினால் போதும். மேற்கோளைத் திருத்த வேண்டியதில்லை. டிஓஐ எண்களும் இதே அமைப்பின்மீதே இயங்குகின்றன.

எனினும், இடுகுறி தானே நிலைத்துவிடாது. அதைப் பேணுவோர் வேண்டும். கைவிடப்பட்ட கிளவுட் சேவையொன்றைச் சுட்டும் ‘சிநேம்’ பதிவை நீக்காமல் விட்டால், அயலார் அவ்விடத்தைக் கைப்பற்றிப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே எதையும் வெளியிட இயலும். புதுப்பிக்கப்படாமல் காலாவதியான பெயரும் பிறர் கைக்குப் போகக்கூடும்.

ஆய்வேட்டின் மின்படியைச் சேர்ப்பிப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2009ஆம் ஆண்டு விதிமுறைகளில் கட்டாயமாக்கியது. அந்த ஆய்வேடுகள் சான்றாகக் காட்டும் முகவரிகளுக்கும் அத்தகைய விதி தேவை. பழைய பெயரைத் தொடர்ந்து புதுப்பித்தல், பக்கந்தோறும் திசைமாற்றம் அமைத்தல், வெளியீடுகளுக்கு நிலையான எண் வழங்கல், பயனற்ற பதிவுகளை நீக்கல் ஆகிய நான்கும் தளமாற்ற ஒப்பந்தத்திலேயே இடம்பெற வேண்டும். மாணவரிடம் மேற்கோள் ஒழுங்கை வலியுறுத்தும் நிறுவனம், அம்மேற்கோள் சென்றடையும் இடத்தைக் காக்கவும் கடமைப்பட்டுள்ளது.