சாகாத நேதாஜி

நேதாஜி விமான விபத்தில் இறக்கவில்லை என்று சாதிக்கிறவர்களை அறிவிலிகள் என்று நான் சொல்லமாட்டேன். நன்றாகப் படித்தவர்களும் அவர்களில் உண்டு. 1945 ஆகஸ்டு 18-இல் தைஹோக்குவில் விமானம் விழுந்து, உடல் வெந்து, அன்றிரவே அவர் ஆஸ்பத்திரியில் காலமானார். உடன் சென்று உயிர் தப்பிய ஹபீபுர் ரஹ்மானின் சாட்சியம் இது. 1956-இல் ஷா நவாஸ் கமிட்டியும், 1974-இல் கோஸ்லா கமிஷனும் இதை ஒப்புக்கொண்டன. 2005-இல் முகர்ஜி கமிஷன் மறுத்தது. 2006-இல் சர்க்கார் அதை நிராகரித்தது. அந்த நிராகரிப்பே சதிக்கு அத்தாட்சியாகிவிட்டது! ஆதாரம் இருந்தால் ஜோடனை, இல்லாவிட்டால் மறைத்துவிட்டார்கள்.

அவ்வளவு பெரிய மனிதருக்கு ஓர் எஞ்சின் கோளாறா எமன்? மனம் ஒப்பவில்லை. பெரிய சாவுக்குப் பெரிய காரணம் கேட்கிறது. அந்தத் துக்கத்தை மதிக்கிறேன். கூடவே, 'ஊருக்குத் தெரியாத ரகசியம் எனக்குத் தெரியும்' என்ற கர்வம் ஒட்டிக்கொள்கிறதே, அதை மதிக்கமாட்டேன்.

1985-இல் பைஜாபாத்தில் இறந்த ஒரு சாமியார்தான் நேதாஜி என்கிறார்கள். சாம்ராஜ்யத்தையே எதிர்த்து நின்றவர், விடுதலை பெற்ற நாட்டில் வருஷக்கணக்காகத் திரைக்குப் பின்னால் பதுங்கிக் கிடந்தார் என்பதா பக்தி? விபத்து அவர் உயிரைத்தான் கொண்டுபோயிற்று. ஐயா, நீங்கள் அவருடைய வீரத்தையே கொண்டுபோகிறீர்களே!