சின்னக் காற்றுக்குப் பெரிய பலகை

விண்ட்சர்ஃபிங் பழக வரும் பிள்ளைகளிடம் எடுத்ததுமே ஃபாயில், அதாவது அடியில் இறக்கை பொருத்திய பலகை, வாங்கச் சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பழைய ஆர்எஸ்:எக்ஸ் பலகைக்குப் பதில் ஐக்யூஃபாயில் வந்ததிலிருந்து இந்த மோகம். மென்காற்றிலும் அது நீரைவிட்டு எழும்பிப் பறக்கும், மறுக்கவில்லை. ஆனால் நிற்கவே பழகாதவனுக்கு, காலடியில் கூரான இறக்கை எதற்கு?

சென்னையின் கோடைக் காற்றை நான் நன்கு அறிவேன். காலையில் தரைக்காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று புகும். மேலைக்காற்று வலுத்த நாளில் அது தாமதிக்கும், சில நாள் வராமலே ஏய்க்கும். காற்றின் வேகம் பாதியானால் பாயில் விழும் விசை கால்வாசியாகிவிடும். சின்னப் பாயோடு அன்று கடலில் இறங்கினால் வெயிலில் வதங்கலாம், அவ்வளவுதான். பெரிய பாய், அகன்ற பலகை, நடுவில் இறக்கி ஏற்றும் டேகர்போர்டு என்னும் தகடு: இவை இருந்தால் காற்றை எதிர்த்துக் கோணலாகவேனும் ஊர்ந்து கரை சேரலாம். (மெதுவாகப் போவது இளைஞர்களுக்குக் கௌரவக் குறைவாம்!) திரும்புவதும் பாயைக் கைமாற்றுவதும் அந்த மந்தமான மதியங்களில்தான் படியும்.

விழுந்த பாயைத் தண்ணீரிலிருந்து இழுத்து நிமிர்த்துவது முதுகை ஒடிக்கும் வேலை. வெயிலில் அது இரட்டிப்பு. ஆகவே பயிற்சி மையங்களே, வகுப்பை மணிக்கணக்கில் நீட்டாதீர்கள்; குடிநீரும் நிழலும் கொடுங்கள்; பழைய பெரிய பலகைகளை விற்றுவிடாதீர்கள்.