திருப்பிப் பிடித்தால் போதும்

"இசைக்குறிப்பு வாசிக்க 11 அங்குல டேப்லெட் உதவாது, 13 அங்குலத்துக்கு மாறியே தீர வேண்டும்" என்கிறார் நண்பர். ஜெயங்கொண்டத்தில் பாட்டும் வயலினும் படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதை நம்பிக் கடன் வாங்கிவிடக் கூடாது.

ஸ்டாஃப் நொட்டேஷனுக்கு அவர் சொல்வது சரி. ஏ4 தாளின் மூலைவிட்டம் 14.3 அங்குலம், முழுப் பக்கத்தையும் 11 அங்குலத்தில் அடைத்தால் முக்கால் அளவுக்குச் சுருங்கும். சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர் பெரியதை வாங்கட்டும்.

நம் பிள்ளைகள் வாசிப்பதோ ச ரி க ம. அங்கே ஆவர்த்தனம் உடையக் கூடாது. ஆதி தாளத்தின் 4+2+2 ஒரே வரியில் தெரிய வேண்டும். டேப்லெட்டைப் படுக்கையாகத் திருப்புங்கள். ஏ4 அகலம் 21 செ.மீ.; திரை 22 செ.மீ.க்கு மேல். எழுத்து துளியும் சுருங்காது.

பாதிப் பக்கம்தானே தெரியும் என்பார். மீதிக்கு ஒரு தட்டு. கையில் வில் இருக்கிறதா, காலுக்கு ஒரு புளூடூத் பெடல். புது டேப்லெட் விலைக்கு முன் அது சொற்பம்.

சந்தேகம் இருந்தால், வர்ணத்தில் ஒரு பக்கம் ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் மடித்து, ஸ்டாண்டில் வைத்துப் பாருங்கள். வாசிக்க முடிந்தால் பணம் மிச்சம்.