பாதுகாப்புப் பாடத்தில் தொழிலாளிக்கு இடம் எங்கே?

1988 ஜூலை 8 அன்று பெருமண் பாலத்திலிருந்து ஐலண்ட் எக்ஸ்பிரஸ் அஷ்டமுடிக் காயலில் கவிழ்ந்து 105 பேர் மாண்டனர். சுழற்காற்றே காரணம் என்றது அதிகாரபூர்வ விசாரணை. காற்றின் மீது பழி விழுந்தால் நிர்வாகம் விடை சொல்ல வேண்டியதில்லை. காற்று வீசாத நாட்களில் அப்பழி தொழிலாளியின் தலையில் விழுகிறது.

2024 ஜூன் 17 அன்று மேற்கு வங்கத்தின் ரங்கபாணி அருகே காஞ்சன்ஜங்கா எக்ஸ்பிரஸ் மீது சரக்கு ரயில் மோதியது. உயிரிழந்த ஓட்டுநர் சிக்னலை மீறியதாக ரயில்வே வாரியம் அன்றே கூறிவிட்டது. பின்னர் வந்த பாதுகாப்பு ஆணையரின் அறிக்கையோ, தானியங்கி சிக்னல் பழுதானால் ரயிலை இயக்கும் முறையில் ஊழியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்றது. 2023 ஜூன் 2 பாலசோர் விபத்துக்குக் காரணம் சிக்னல் இணைப்புகளில் நேர்ந்த பிழை. அதே கரக்பூர் கோட்டத்தில் 2022 மே மாதமே இத்தகைய பிழை தலைகாட்டியது. அப்போதே திருத்தியிருந்தால் பாலசோர் நேர்ந்திராது என்றும் ஆணையர் சுட்டிக்காட்டினார்.

பொறியியல் வகுப்பறைக்குச் செல்ல வேண்டிய பாடங்கள் இவை. 1939இல் தொடங்கிய அரசுப் பொறியியல் கல்லூரி, அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், கன்னியாகுமரி வரை நீளும் ரயில்வே கோட்டத்தின் தலைமையகம் ஆகிய மூன்றும் அமைந்த திருவனந்தபுரம் இதற்கு முன்கை எடுக்கலாம். ரயில்வே பொறியியல் என்றால் வழக்கமாகத் தண்டவாளம், ஸ்லீப்பர், வளைவு, சிக்னல் என்றே பாடம் நகர்கிறது. அவை அவசியம். ஆனால் ஓட்டுநரின் ஓய்வு, காலிப் பணியிடம், ஒப்பந்தத் தொழிலாளிக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடு ஆகியவையும் பொறியியலே.

2024 ஜூனில் தென்னக ரயில்வே ஓட்டுநர்கள் கேட்டது, 16 மணி நேர ஓய்வுடன் 30 மணி நேர வார ஓய்வும் சேர்ந்த 46 மணி நேரம். அதற்கு மறுமொழியாக வந்தது ஒழுங்கு நடவடிக்கை. அதே ஆண்டு நவம்பர் 2 அன்று ஷொரணூரில் பாரதப்புழைப் பாலத்தில் துப்புரவுப் பணியில் இருந்த சேலத்தைச் சேர்ந்த நான்கு ஒப்பந்தத் தொழிலாளர்கள், திருவனந்தபுரம் நோக்கி வந்த கேரளா எக்ஸ்பிரஸ் மோதி மாண்டனர். எந்தப் பாடநூலின் எந்த அத்தியாயத்தில் இந்த மரணங்கள் இடம்பெறும்?

பாடத்தை நவீனப்படுத்துவது கவச் கருவியை அறிமுகப்படுத்துவதோடு முடிவதல்ல. கவச் வேண்டும், விரைந்து வேண்டும். ஆனால் கருவியைப் பொருத்துபவரும் பராமரிப்பவரும் தொழிலாளர்களே. ஆகவே பாதுகாப்பு ஆணையரின் விசாரணை அறிக்கைகள் பாடமாக வேண்டும். ஓட்டுநர்களும் தண்டவாளப் பராமரிப்பாளர்களும் வகுப்பறைக்கு வந்து தம் அனுபவத்தைக் கற்பிக்க வேண்டும். இக்கோரிக்கையை மாணவர் இயக்கமும் ரயில்வே தொழிற்சங்கங்களும் கைகோத்து எழுப்ப வேண்டும். நாளை விசாரணை மேசையில் அமரப்போகும் பொறியாளர், தவறிழைத்த ஆளைத் தேடுவதற்கு முன் தவறுக்கு இடம் தந்த நிர்வாகத்தை நோக்கிக் கேள்வி எழுப்பக் கற்றிருக்க வேண்டும்.